ஓர் இழை, 32 வீடு: ஒளியைப் பங்கிடும் கண்ணாடிச் சில்லு

கம்பத்தில் தொங்கும் ஃபைபர் பெட்டியின் மூடியைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது வளையம் வளையமாகச் சுருட்டி வைத்த வண்ண இழைகள்தான். அவற்றை மெல்ல ஒதுக்கிப் பார்த்தால், தட்டின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய உலோகக் குச்சி படுத்திருக்கும். அதன் ஒரு முனையில் ஒற்றை இழை நுழைகிறது. மறுமுனையில் பட்டையாக 32 இழைகள் வெளியே வருகின்றன. மின்கம்பி கிடையாது, பேட்டரி கிடையாது, மினுக்கும் விளக்கு கிடையாது. தொட்டால் சூடுகூடத் தெரியாது. ஒரு தெருவே இணையத்துக்கு நம்பியிருக்கும் பொருள் இது என்று சொன்னால் புதிதாகப் பார்ப்பவர் நம்பமாட்டார்.

இதுதான் ஸ்பிளிட்டர். ஒளிப்பிரிப்பான் என்று எழுதுபவர்களும் உண்டு. களத்தில் வேலை பார்ப்பவர்கள் ஸ்பிளிட்டர் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஸ்பிளிட்டர் இணைய வேகத்தை 32 கூறாக வெட்டி வீட்டுக்கு ஒரு கூறு கொடுக்கிறது என்பது அது. உண்மையில் வேகம், தரவு, வீட்டு எண் எதுவும் அதற்குத் தெரியாது. வருகிற ஒளியை அது பங்கு போடுகிறது, அவ்வளவுதான். இணைய நிறுவனத்தின் நிலையத்திலிருந்து புறப்பட்ட முழுச் செய்தியும் 32 வீட்டுக்கும் ஒன்றுவிடாமல் போகிறது. மங்கலாகப் போகிறது என்பது மட்டுமே வேறுபாடு. வேகத்தைப் பகிர்வது இரு முனைகளிலும் உள்ள கருவிகளின் வேலை. ஸ்பிளிட்டருக்கு எதுவும் தெரியாது என்ற இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், ஃபைபர் வலையமைப்பில் ஏன் எல்லாம் இப்படி அமைந்திருக்கிறது என்பது ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும்.

வீட்டுக்கு ஒரு தனி இழை என்று நிலையத்திலிருந்தே இழுத்தால் என்ன? இழுக்கலாம், சில இடங்களில் இழுத்தும் இருக்கிறார்கள். ஆனால் ஆயிரம் வீட்டுக்கு ஆயிரம் இழை, நிலையத்தில் ஆயிரம் லேசர் என்று கணக்கு ஏறிவிடும். தெருவுக்கு ஒரு மின்னணு ஸ்விட்ச் வைத்தால் இழை குறையும். பதிலுக்கு அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், மின்வெட்டுக்குப் பேட்டரி வேண்டும், வெயிலுக்குக் குளிர்ச்சி வேண்டும். இரண்டுக்கும் நடுவே கிடைத்த வழிதான் மின்சாரமே இல்லாத கண்ணாடிப் பிரிப்பான். இந்த அமைப்புக்குப் பான் என்று பெயர். 'மின்சாரம் தேவைப்படாத ஒளி வலையமைப்பு' என்று பொருள் கொள்ளலாம். நிலையத்தில் இருக்கும் கருவி ஓஎல்டி, வீட்டில் இருப்பது ஓஎன்டி. நடுவில் இருப்பவை எல்லாம் கண்ணாடி.

உள்ளகத்துக்கு வெளியே நீளும் வால்

ஒளியைப் பங்கிடுவது எப்படி என்று பார்ப்பதற்கு முன், இழைக்குள் ஒளி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு இணைப்புக்குப் பயன்படும் இழையில், நடுவே சுமார் 9 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உள்ளகம் இருக்கிறது. அதைச் சுற்றி 125 மைக்ரோமீட்டர் விட்டம் வரை உறை. இரண்டும் கண்ணாடிதான், உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் கொஞ்சம் கூடுதல். ஒளி உள்ளகச் சுவரில் மோதி மோதி எதிரொளித்துப் போவதாகப் பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். தடித்த இழைக்கு அந்தப் படம் சரி. இவ்வளவு மெல்லிய உள்ளகத்தில் ஒளி அப்படித் துள்ளிப் போவதில்லை. நடுவில் அடர்ந்தும் ஓரம் போகப் போக மங்கியும், ஒற்றைக் கற்றையாக நகர்கிறது. அதன் ஓரம் உள்ளகத்தின் எல்லையோடு நின்றுவிடுவதும் இல்லை. ஒரு பகுதி உறைக்குள் வால்போல நீண்டிருக்கும்.

அந்த வால்தான் முதல் வகை ஸ்பிளிட்டரின் மூலதனம். இரண்டு இழைகளின் மேற்பூச்சை உரித்து, ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, சிறு ஹைட்ரஜன் சுடரில் காட்டிக்கொண்டே இருபுறமும் மெல்ல இழுக்கிறார்கள். கண்ணாடி இளகி, இரண்டு இழையும் உருகிச் சேர்ந்து, நடுவில் இடுப்புப்போல ஒடுங்குகிறது. ஒடுங்க ஒடுங்க உள்ளகமும் மெலிந்து, ஒளியைப் பிடித்து வைக்கும் திறனை இழக்கிறது. ஒளி இடுப்பு முழுவதும் பரவுகிறது. வெளியே உள்ள காற்றே சுவராகிவிடுகிறது. அங்கே முதல் இழையின் ஒளி இரண்டாவது இழையின் பக்கம் சாயத் தொடங்குகிறது.

ஒரே கயிற்றில் இரண்டு ஊசல்களைக் கட்டி, ஒன்றை மட்டும் ஆட்டிவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சற்று நேரத்தில் அது தளர்ந்து நிற்கும். மற்றது முழு வீச்சில் ஆடும். பிறகு ஆட்டம் திரும்பி முதல் ஊசலுக்கே வரும். இரு இழைகளுக்கு நடுவிலும் நடப்பது இதேதான். இடுப்பின் நீளத்தில் போகப் போக, ஒளி முழுவதும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய், மறுபடி திரும்பும். சரியாகப் பாதி கடந்திருக்கும் இடத்தில் இடுப்பு முடிந்தால், பாதி இங்கே, பாதி அங்கே.

இந்த இழுப்பு எந்திரம் வேலை செய்வதைப் பார்ப்பது தனி அனுபவம். ஒரு முனையில் லேசர் ஒளியை விட்டுக்கொண்டே இழுப்பார்கள். மறுமுனையில் ஒளியை அளக்கும் இரண்டு மீட்டர்கள். முதலில் ஒன்று 100, மற்றது 0. வெகுநேரம் ஒன்றும் அசையாது. பிறகு 98, 95 என்று சரியத் தொடங்கி, வேகம் பிடித்து, 50-50 வந்ததும் சுடர் விலகிவிடும். ஒரு கணம் பிந்தினால் விகிதம் தாண்டிப்போகும். காற்றே சுவர் என்பதால், முடிந்த இடுப்பின் மேல் எதுவும் படக்கூடாது. அதைச் சிறு குவார்ட்ஸ் தொட்டிலில் இருமுனையும் ஒட்டித் தொங்கவிட்டு, எஃகுக் குழாய்க்குள் அடைத்துவிடுவார்கள். எஃப்பிடி என்று இந்த வகைக்குப் பெயர். ஒற்றைக் கற்றை இழையில் இதைச் செய்துகாட்டியவர்கள் கனடாவின் தகவல்தொடர்பு ஆய்வு மையத்தில் இருந்த கவாசாகி, ஹில், லமோன்ட் ஆகியோர், ஆண்டு 1981.

இதில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. அலைநீளம் கூடினால் வாலும் நீளும். வால் நீண்டால் ஒளி விரைவாகக் கடக்கும். அதனால் 1310 நானோமீட்டரில் 50-50 ஆக இருக்கும் துண்டு, 1550இல் வேறு விகிதம் காட்டும். ஆனால் அதே குறையை வைத்து ஒரு நல்ல கருவியும் செய்கிறார்கள். மேலும் இழுத்துக்கொண்டே போனால், 1310 சுற்றிவந்து தன் இழைக்கே முழுதாகத் திரும்பியிருக்க, 1550 முழுதாக மற்ற இழையில் இருக்கும் ஓர் இடம் வரும். அங்கே நிறுத்தினால், இரண்டு அலைநீளங்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு கருவி கிடைத்துவிடுகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு இழையை ஒட்டினால் உள்ளே இரண்டு கால், வெளியே இரண்டு கால் என நான்கு கால் வரும். கடையில் 1:2 என்று விற்பது, அதில் ஒரு காலை நறுக்கி எறிந்ததுதான். அந்த நறுக்கிய காலை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கண்ணாடியில் அச்சடித்த கிளைகள்

இரண்டிரண்டாக ஒட்டி 32 வரை போவது எஃப்பிடியில் பெரும்பாடு. 31 துண்டுகளை அடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் சிறு பிழையும் அடுத்ததன் மேல் ஏறும். இதற்கு மாற்றாக வந்ததுதான் பிஎல்சி. சில்லின் மேலேயே கண்ணாடி வழிகளை அச்சடிப்பது. 1980களில் ஜப்பானின் என்டிடி ஆய்வகங்களில் மசாவோ கவாச்சியும் அவருடைய குழுவினரும் வளர்த்த நுட்பம் இதற்கு அடித்தளம். சிலிக்கன் சேர்மத்தைச் சுடரில் எரித்தால் கண்ணாடிப் புகைக்கரி படியும். அதை உயர் வெப்பத்தில் உருக்கினால் தெளிந்த படலமாகும். அதன்மேல் கணினிச் சில்லு செய்வதுபோலவே ஒளியால் வரைந்து, வேண்டாததை அரித்தெடுத்தால் சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள பாதை மிஞ்சும். மேலே இன்னொரு கண்ணாடிப் போர்வை. ஒளிக்கு வழி தயார்.

அந்த வழி கவைக்கோல்போல இரண்டாகக் கிளைக்கிறது. ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாக. ஐந்து முறை கிளைத்தால் 32; ஆறு முறை என்றால் 64. ஸ்பிளிட்டர்கள் பெரும்பாலும் 2, 4, 8, 16 என்றே கிடைப்பதற்குக் காரணம் இந்தக் கிளைப்புதான். இங்கே பங்கு சமமாக விழுவதற்கு ஊசல் கணக்கு எதுவும் வேண்டாம். இடமும் வலமும் ஒன்றுபோல இருக்கும் கவையில், ஒளி ஒரு பக்கம் கூடுதலாகச் சாய்வதற்குக் காரணமே இல்லை. எந்த அலைநீளத்துக்கும் இது பொருந்துவதால், பிஎல்சி 1260 முதல் 1650 நானோமீட்டர் வரை ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்துகொள்கிறது.

சில்லு செய்வதைவிட அதில் இழையை ஒட்டுவதே பெரிய வேலை என்று எனக்குத் தோன்றும். வெளியேறும் 32 வழிகளை 127 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வரிசையாக வைக்கிறார்கள். 125 மைக்ரோமீட்டர் இழைகள் தோளோடு தோள் நிற்க அதற்குமேல் இடம் தேவையில்லை. இழைகளைப் பள்ளம் வெட்டிய கண்ணாடித் தட்டில் படுக்கவைத்து, சில்லின் முகத்தோடு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த பிழையில் பொருத்தி, புற ஊதாக் கதிரில் இறுகும் பசையால் ஒட்டுவார்கள். இரு முகத்தையும் 8 டிகிரி சாய்வாகத் தேய்ப்பது வழக்கம். அப்போதுதான் எதிரொளிக்கும் சிறு ஒளியும் வந்த வழியே லேசருக்குத் திரும்பாமல் ஓரமாகச் சிதறிப்போகும். பச்சை நிறக் கனெக்டர்களின் முனையில் இருப்பதும் இதே சாய்வுதான். பச்சையைச் சாய்வில்லாத நீலக் கனெக்டரோடு செருகினால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். இது தெரிந்தும் அவசரத்தில் செருகுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று மூன்றாகக் கரையும் கணக்கு

ஒளியின் திறனை இந்தத் துறையில் டெசிபலில் அளக்கிறார்கள். பாதியானால் ஏறத்தாழ 3 டெசிபல் இழப்பு. அதனால் 1:2க்கு 3, 1:4க்கு 6, 1:8க்கு 9, 1:32க்கு 15. இது கணிதம் கேட்கும் கப்பம். எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் இதில் ஒரு புள்ளிகூடத் தள்ளுபடி கிடையாது. கவைகளிலும் ஒட்டுகளிலும் கசிவது இதற்கு மேல். ஆகவே, கையில் கிடைக்கும் 1:32 ஸ்பிளிட்டர் 17 டெசிபல்வரை எடுத்துக்கொள்ளும். 1:64 என்றால் 20.5 அளவில்.

இதை இழையின் இழப்போடு ஒப்பிட்டால்தான் உறைக்கும். 1310 நானோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் இழை சுமார் 0.35 டெசிபல் தின்கிறது. ஒளி ஏறத்தாழ 48 கிலோமீட்டர் ஓடி இழப்பதை, 1:32 ஸ்பிளிட்டர் விரல் நீளத்துக்குள் எடுத்துக்கொள்கிறது. பான் வலையமைப்பில் தூரத்தைவிடப் பங்கே கூடுதல் செலவு வைக்கிறது.

பான் வகைகளில் ஒன்றான ஜிபானின் தரத்தைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2003இல் தொடங்கி ஜி.984 என்ற வரிசையில் வெளியிட்டது. அதில் பரவலாகப் புழங்கும் பி+ வகுப்பு, நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே 28 டெசிபல் இழப்பைத் தாங்கும். 20 கிலோமீட்டர் இழைக்கு 7, 1:32க்கு 17, கனெக்டர்களுக்கும் ஒட்டுகளுக்கும் ஒன்றரை என்று வைத்தால் 25.5. கையில் இரண்டரை மிஞ்சும். வருங்காலத்தில் இழை அறுந்து மறுபடி ஒட்டினால் தாங்கும். அதே 20 கிலோமீட்டரில் 64 வீடு வேண்டும் என்றால் 29 ஆகிவிடும். திட்ட வரைபடத்தில் 64 என்றும் 20 கிலோமீட்டர் என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால், இரண்டில் ஒன்று நடக்கப்போவதில்லை என்று பொருள். அல்லது 32 டெசிபல் தாங்கும் சி+ வகுப்புக் கருவி வாங்கியாக வேண்டும்.

28 டெசிபல் என்பது காகிதத்தில் சிறிய எண். ஓஎல்டியிலிருந்து புறப்படும் ஒளி 2 மில்லிவாட் அளவில் இருக்கும். ஓஎன்டி படித்தறியக்கூடிய கடைசி எல்லை மைனஸ் 27 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 ஆகக் கொண்டு எண்ணும் டெசிபல்), அதாவது 2 மைக்ரோவாட். ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த எல்லையில் 1490 நானோமீட்டர் ஒளியில் வினாடிக்கு 2.488 ஜிகாபிட் வந்தால், ஒரு பிட்டுக்குச் சராசரியாக எத்தனை ஃபோட்டான் கிடைக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 6,000 வந்தது. நிலையத்தில் புறப்படும்போது பிட்டுக்கு 60 லட்சம்.

குறைவு மட்டும்தான் தொல்லை என்றில்லை. மைனஸ் 8 டிபிஎம்முக்கு மேல் ஒளி வந்தால் ஓஎன்டியின் உணரி திணறிவிடும். மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது, ஸ்பிளிட்டரை விட்டுவிட்டு ஓஎல்டியையும் ஓஎன்டியையும் நேராக இணைத்து, 'கருவி பழுது' என்று முடிவு கட்டுவது புதியவர்கள் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன். ஸ்பிளிட்டரின் இழப்பையும் சேர்த்து எதிர்பார்த்தே அந்த உணரி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

திரும்பி வரும் வழி

இனி, எனக்குப் பல நாள் பிடிபடாமல் இருந்த ஒன்று. கீழே போகும் ஒளி 32 பங்காவதால் மங்குகிறது, சரி. ஆனால் வீட்டிலிருந்து மேலே போகும் ஒளி? அது பிரிவதில்லையே. ஒரு கிளையில் ஏறி, அடிமரத்தில் சேர்கிறது. வாய்க்கால்கள் ஆற்றில் கலந்தால் தண்ணீர் குறைவதில்லை. அப்படியிருக்க, மீட்டரை வைத்து அளந்தால் ஏறும்போதும் அதே 17 டெசிபல்! வீட்டு லேசர் அனுப்பும் ஒளியில் நூற்றுக்கு 98 பங்கு அந்தச் சில்லுக்குள்ளேயே தொலைந்துபோகிறது.

இதற்கு விடை, நறுக்கி எறிந்த அந்த நான்காவது காலில் இருக்கிறது. நான்கு காலும் உள்ள துண்டில், மேல்நோக்கி ஒரு காலில் ஒளியை விட்டால் அது பாதி ஒரு காலிலும் பாதி மற்றக் காலிலுமாகப் பிரிந்து வெளியேறும். கீழ்நோக்கி வந்தாலும் பாதிப் பாதி, மேல்நோக்கிப் போனாலும் பாதிப் பாதி. கண்ணாடிக்குத் திசை தெரியாது. மேலே உள்ள இரண்டு காலில் ஒன்று நிலையத்துக்குப் போகிறது. மற்றதை நறுக்கிவிட்டோம். அதில் போன பாதி வெளியில் கொட்டிவிட்டது.

கவை வடிவப் பிஎல்சியில் நான்காவது கால் கண்ணுக்குத் தெரியாது, விளைவு அதேதான். கீழ்நோக்கி வரும்போது அடிமரத்து ஒளி இரு கிளைகளிலும் அளவும் அலையின் ஏற்ற இறக்கமும் ஒன்றாக இருக்கும்படி பிரிகிறது. அந்தக் காட்சியை அப்படியே பின்னோக்கி ஓட்டினால், இரு கிளையிலிருந்தும் ஒரே தாளத்தில் வரும் சம அளவு அலைகள் மட்டுமே முழுதாக அடிமரத்துக்குள் நுழையும் என்பது புரியும். ஒரே கிளையில் மட்டும் வரும் ஒளியை இரண்டு பகுதிகளின் கூட்டாகக் கருதலாம். இரு கிளையும் ஒத்த தாளத்தில் ஆடும் பகுதி பாதி. எதிர்த்தாளத்தில் ஆடும் பகுதி பாதி. ஒத்த பாதி உள்ளே போகும். எதிர்ப்பாதிக்கு அந்த ஒற்றைக் கற்றை வழியில் இடமே இல்லை. அது உறைக்குள் கசிந்து மறைகிறது. ஒவ்வொரு கவையிலும் இதே தண்டம். ஐந்து கவை ஏறினால் 32இல் ஒரு பங்குதான் மிஞ்சும். தனித்தனி வீட்டு லேசர்களைத் தாளம் பிசகாமல் சேர்ந்து ஆடவைப்பது நடக்கிற காரியமில்லை என்பதால், இதற்கு மாற்று வழியும் இல்லை.

இந்த இழப்பிலிருந்து ஒரு வசதியும் பிறக்கிறது. எப்படியும் அந்த மறைந்த காலுக்கு ஒளி போகத்தான் போகிறது என்றால், அந்தக் காலை நறுக்காமல் வைத்துக்கொள்ளலாமே? 2:32 என்று கிடைக்கும் ஸ்பிளிட்டர் அதுதான். இரண்டாவது காலை வேறு பாதையில் வரும் இன்னொரு இழையில் இணைத்துவிட்டால், முதன்மை இழை அறுந்தால் மாற்று வழி தயாராக இருக்கும். கூடுதல் இழப்பு இல்லையென்றே சொல்லலாம்.

தெரியாத ஒன்றைச் சுற்றி எழுந்த ஏற்பாடுகள்

ஸ்பிளிட்டருக்கு முகவரி தெரியாது என்பதால், உங்கள் வீட்டுக்கான தரவு பக்கத்து வீட்டு ஓஎன்டிக்கும் போகிறது. அவர்களுடையது உங்களுக்கும் வருகிறது. தனக்குரியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது ஓஎன்டியின் பொறுப்பு. அதன் நேர்மையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால், ஜிபானில் கீழ்வரும் தரவை 128 பிட் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையில் பூட்டிவைக்க வழி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஓஎன்டிக்கும் தனிச் சாவி.

மேலே போகும் வழியில் சிக்கல் வேறு. 32 வீடும் ஒரே 1310 நானோமீட்டரில் பேசுகின்றன. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் நிலையத்தில் இரைச்சல்தான் கேட்கும். பழைய ஈதர்நெட்டில் ஒவ்வொரு கணினியும் கம்பியைக் கவனித்து, யாரும் பேசாதபோது பேசும். இங்கே அதற்கும் வழியில்லை. நல்ல ஸ்பிளிட்டரில் ஒரு கிளையின் ஒளி மற்றொரு கிளைக்குத் திரும்பிப் போவது 55 டெசிபலுக்கும் கீழே அமுங்கியிருக்கும். ஆகவே ஒரு வீட்டின் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. கேட்க முடியாதவர்கள் முறை வைத்துப் பேச வேண்டுமானால், மேலே இருக்கும் ஒருவர்தான் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை ஓஎல்டி செய்கிறது. 125 மைக்ரோவினாடிக்கு ஒரு காலக் கூறு. அதற்குள் யார் எப்போது தொடங்கி எப்போது நிறுத்த வேண்டும் என்று உத்தரவு.

இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் ஓட 5 மைக்ரோவினாடி ஆகும். 3 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டின் பேச்சு 15 மைக்ரோவினாடியில் வந்துவிடும். 18 கிலோமீட்டரில் இருப்பது 90 எடுக்கும். அதனால் புதிய ஓஎன்டி சேரும்போது, ஓஎல்டி அதைக் கூப்பிட்டுப் பதில் வரும் நேரத்தை அளந்து, 'நீ இவ்வளவு காத்திருந்து பேசு' என்று சொல்லிவிடுகிறது. அருகில் இருப்பவரை அதிகமாகக் காக்கவைத்து, எல்லோரும் ஒரே தூரத்தில் இருப்பதுபோலச் சமப்படுத்துகிறது. அடுத்தடுத்த பேச்சுகளுக்கு இடையே விடும் இடைவெளி சில பத்து நானோவினாடி மட்டுமே.

இந்த ஒழுங்கை ஒரே ஒரு ஓஎன்டி குலைத்துவிடும். லேசர் அணையாமல் மாட்டிக்கொண்டால், அது நேரம் காலமில்லாமல் ஒளியைக் கொட்டும். ஸ்பிளிட்டர் அதை வடிகட்டாமல் மேலே அனுப்பும். மற்ற 31 வீடும் ஒரேயடியாக ஊமையாகிவிடும். ஒருமுறை இப்படிப்பட்ட பெட்டியின் முன் நின்றிருக்கிறேன். அடிமரத்து இழை சரி, அளவு சரி, ஆனால் எந்த வீடும் பதில் தரவில்லை. ஸ்பிளிட்டரின் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நிலையத்தில் இருந்தவரிடம் தொலைபேசியில் 'இப்போது?' என்று கேட்டுக்கொண்டே போனோம். பத்தொன்பதாவது காலைக் கழற்றியதும், எஞ்சியிருந்த வீடுகள் எல்லாம் மளமளவென்று உயிர்பெற்றன. அந்த வீட்டில் ஆள்கூட இல்லை, பூட்டிக் கிடந்தது.

எங்கே பிரிப்பது

ஒரே இடத்தில் 1:32 வைக்கலாம். அல்லது முதலில் 1:4 வைத்து, நான்கு தெருவுக்கும் ஒரு 1:8 வைக்கலாம். மொத்த இழப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே இடத்தில் வைத்தால் சோதிக்க எளிது, வீட்டு இழைகள் நீளமாகும். அடுக்காக வைத்தால் இழை மிச்சம், பழுது தேட அலைச்சல். வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் முதலாவதையும், சிதறியிருக்கும் இடத்தில் இரண்டாவதையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

நீண்ட சாலையோரம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள் இருந்தால் சமப் பங்கு பொருந்தாது. அங்கே எஃப்பிடி மறுபடி கைகொடுக்கிறது. சுடரை 50-50க்கு முன்பே விலக்கினால் 90-10 கிடைக்கும். 10 பங்கு இந்த இடத்து வீடுகளுக்கு, 90 பங்கு நேராக அடுத்த இடத்துக்கு. பத்தில் ஒரு பங்கு எடுப்பவருக்கு 10 டெசிபல் இழப்பு. நேராகப் போகும் ஒளிக்கு அரை டெசிபலும் இல்லை. சாலையின் கடைசியை நெருங்க நெருங்க 80-20, 70-30 என்று பங்கைக் கூட்டிக்கொண்டே போவார்கள், எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஒளி கிடைக்கும்படி.

ஆள் சேராத கால்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 32இல் 10 வீடுதான் இணைந்திருக்கிறது என்றால் அந்தப் பத்துக்கும் கூடுதல் ஒளி கிடைக்குமா? கிடைக்காது. காலியாக இருக்கும் காலும் தன் பங்கை எடுத்து வெறுமையில் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். வேகத்தின் கதை வேறு. பத்து பேர்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஓஎல்டி நேரத்தைப் பத்து பேருக்குள் பகிர்ந்துகொள்ளும்.

பழி யார்மேல்

இணைப்பு மந்தமானால் ஸ்பிளிட்டரைச் சந்தேகிப்பது வழக்கம். என் அனுபவத்தில் அது குற்றவாளியாக இருப்பது அபூர்வம். அசையும் பாகம் இல்லை, மின்சாரம் இல்லை. கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? ஒட்டில் ஈரம் புகுந்தால் கெடலாம். அதற்கு முன் கனெக்டர் முனையில் தூசி, நீலத்தில் செருகிய பச்சை, மடிந்த இழை என்று பட்டியல் நீளும். பெட்டியில் எல்லாக் காலிலும் அளவு சேர்ந்து குறைந்திருந்தால் அடிமரத்தில் கோளாறு. ஒரே காலில் குறைந்திருந்தால் அந்த வீட்டுப் பாதையில்.

அக்கம்பக்கத்தில் மைனஸ் 20 இருக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் மைனஸ் 26 காட்டியது. ஸ்பிளிட்டரில் காலை மாற்றினோம், மாறவில்லை. வீட்டு முனையில் இழையை 1310இலும் 1550இலும் அளந்தபோது, 1310இல் இழப்பு சாதாரணம், 1550இல் மிகுதி. அது வந்ததுமே இடம் தெரிந்துவிட்டது: எங்கேயோ இழை மடிந்திருக்கிறது. அலைநீளம் கூடினால் வால் நீளும் என்றோமே, வளைவில் முதலில் வெளியே சிந்துவது அந்த வால்தான். அலமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் பின்னால் இழை நசுங்கியிருந்தது. ஸ்பிளிட்டர் செய்யக் காரணமான அதே கசிவு, இங்கே வேண்டாத இடத்தில்.

நிலையத்திலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் சிதறலை வைத்து இழையைப் படிக்கும் ஓடிடிஆர் கருவிக்கு ஸ்பிளிட்டர் ஒரு தொல்லை. அதைத் தாண்டியதும் 32 கிளையின் எதிரொலியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். எது எந்த வீடு என்று தெரியாது. அதனால் வீட்டிலிருந்து மேல்நோக்கி அளப்பது வழக்கம். இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டுமானால், தரவு செல்லாத 1625 அல்லது 1650 நானோமீட்டரைப் பயன்படுத்துவார்கள்.

எதையும் அறியாத அந்தச் சில்லு, தலைமுறை மாற்றத்திலும் அசையாமல் இருக்கிறது. ஜிபான் கீழே 1490, மேலே 1310 நானோமீட்டரில் ஓடுகிறது. 2016இல் வந்த எக்ஸ்ஜிஎஸ்-பான் இரு திசையிலும் வினாடிக்கு 10 ஜிகாபிட் தருகிறது; அது எடுத்துக்கொண்டவை 1577, 1270. இரண்டும் ஒரே இழையில், ஒரே ஸ்பிளிட்டர் வழியாக, ஒன்றையொன்று தொடாமல் போகலாம். ஒரு வீடு பழைய ஓஎன்டியிலும் அடுத்த வீடு புதியதிலும் இருக்கலாம். 2021இல் தரமான 50 ஜிகாபிட் பான் கீழ்வழிக்கு 1342ஐ எடுத்துக்கொண்டது. அதுவும் பிஎல்சியின் 1260-1650 எல்லைக்குள்தான் வருகிறது. நிலையத்தில் அட்டையை மாற்றுவார்கள், வீட்டில் பெட்டியை மாற்றுவார்கள். கம்பத்தில் தொங்குவதன் மூடியை அதற்காகத் திறக்க வேண்டியதில்லை.